மண்ணுக்கா விலை?

லம்பா லைனில் ஒரு வீட்டிற்குத் தமிழ்நாட்டிலிருந்து உறவினர் ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். அவர் கையால் வனைந்த பீங்கான் குவளை ஒன்றைப் பரிசாகத் தருகிறார். வீட்டார் முதலில் கேட்பது அதன் விலையைத்தான். விலை தெரிந்ததும், "வெறும் மண்ணுக்கா இவ்வளவு?" என்று வியக்கின்றனர். இயந்திரத்தில் வார்த்த குவளை மலிவாகக் கிடைக்கும் காலத்தில் இவ்வியப்பு இயல்பே. எனினும், அக்கேள்வி பிழையானது. அங்கே விலை பெறுவது மண் அன்று. மண்ணைக் கலமாக்கிய கல்வியே ஆகும்.

அக்கல்வி எளிதில் வாய்ப்பதன்று. களிமண்ணைக் காற்றுக்குமிழி இல்லாதவாறு பிசைந்து, சுழலும் சக்கரத்தின் நடுவில் நிலைநிறுத்த வேண்டும். நடுவிலிருந்து சற்றே விலகினாலும் கலத்தின் சுவர் கோணிவிடும். வனைந்த கலம் விரைந்து உலர்ந்தால் விரிசல் விழும். ஸ்டோன்வேர் எனப்படும் கற்கலத்தைப் பெரும்பாலும் இருமுறை சுடுவர். முதல்முறை ஏறத்தாழ 900 முதல் 1000 பாகை செல்சியசு வெப்பத்தில் கலம் இறுகும். பின்னர், மணற்சத்து, களிமண், சாம்பல் போன்றவற்றை நீரில் கரைத்த குழம்பில் அதனைத் தோய்த்து, 1250 முதல் 1300 பாகை வரை மீண்டும் சுடுவர். அவ்வெப்பத்தில் பூச்சு உருகி, கண்ணாடிப் படலமாகக் கலத்தோடு ஒன்றிவிடும். இதனையே கிளேஸ் என்பர். சூளை ஆறித் திறக்கும் வரை எது தேறியது, எது உடைந்தது என்பது வனைந்தவருக்கே தெரியாது. ஆகவே, ஒரு நல்ல குவளையின் விலையில் உடைந்துபோன குவளைகளின் உழைப்பும் அடங்கியுள்ளது.

கல்வியே பெரிது என்பதற்குப் புதுச்சேரி சான்றாகும். ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971ஆம் ஆண்டு அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினர். டெபோரா, ஜப்பானில் இக்கலையைப் பயின்றவர். அவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்களைப் பழக்கினர்; பின்னாளில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு ரே மீக்கர் கற்பித்தார். இன்று கற்கலம் வனையும் இந்தியக் கலைஞர் பலர் அக்கூடத்தில் பயின்றவர்களே. பிறந்த ஊரில் மட்டுமே கலை வாழும் என்பதில்லை. கற்பிப்பவரும் கற்பவரும் உள்ள இடமெல்லாம் அதற்குச் சொந்த ஊரே.

நிக்கோபார்த் தீவுகளும் இதனையே உணர்த்துகின்றன. சௌரா தீவின் பெண்கள் சக்கரமின்றிக் கையாலேயே பானை செய்வதில் பெயர்பெற்றவர்கள். அதற்குரிய களிமண்ணோ அண்டைத் தீவாகிய தெரசாவிலிருந்து படகில் வந்தது. மண் தெரசாவினுடையது, பானையின் பெயர் சௌராவினுடையது. பிற தீவினரும் அப்பானையைப் பண்டமாற்றாக விரும்பிப் பெற்றனர்.

ஆயினும், இக்கலையை மதிப்பதில் ஒரு முறைகேடு உண்டு. கிளேஸ் பூசிய கலம் வனைபவரைக் 'கலைஞர்' என்கிறோம். பொங்கல் பானையும் அகல்விளக்கும் செய்யும் ஊர்க் குயவரைத் 'தொழிலாளி' என்கிறோம். கண்காட்சியில் கேட்ட விலையைக் கொடுப்பவர், குயவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார். கிளேஸ் பூசுவோர் புதிய வடிவங்களைப் படைக்கின்றனர், அவர்களுக்குச் செலவும் மிகுதி என்று சிலர் கூறுவர். அது உண்மையே. ஆனால், அது விலை வேறுபடுவதற்குக் காரணமாகுமேயன்றி, மரியாதை வேறுபடுவதற்குக் காரணமாகாது. ஐயனார் கோயிலுக்கு ஆளுயரச் சுடுமண் குதிரை செய்பவரும் கலைஞரே அல்லரோ?

பழந்தமிழர் குயவரை 'வேட்கோ' என்று அழைத்தனர். கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியாரின் பாடலைப் புறநானூறு போற்றி வைத்துள்ளது. அக்குடியின் பெயரைத் தாங்கிய ஒருவர் மன்னன் முன் புலவராக நின்ற மரபு நம்முடையது.

மதிப்பில்லாத தொழிலைத் தம் பிள்ளைக்குக் கற்பிக்க எந்தப் பெற்றோரும் தயங்குவர். ஒரு தலைமுறை கற்கத் தவறினால், கை அறிந்ததை ஏட்டைப் பார்த்து மீட்பது அரிது. வீட்டில் பேசாத மொழிக்கு நேர்வதும் இதுவே. எனவே, மண்கலம் ஒன்று கைக்கு வரும்போது விலையைக் கேட்பதற்கு முன், அதனை வனைந்தவர் யார், அவர் யாரிடம் கற்றார், இப்போது யாருக்குக் கற்பிக்கிறார் என்று கேட்பதே முறை. கடைசிக் கேள்விக்கு விடை இருக்கும் வரை சக்கரம் நிற்காது.