மாம்பழக் கணக்கும் மழைப் பதிவேடும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் மலையகப் பாடசாலைகளின் கணித அடைவைப் பற்றி ஒரு புலம்பல் எழுவதும், இரண்டு வாரங்களில் அது அடங்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. 'தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது' என்று கூசாமல் சொல்வோரும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் கணக்கு எத்தகையது என்பதே என் கேள்வி.

புள்ளிவிபரவியலில் இடை, இடையம், ஆகாரம் ஆகியவற்றை அவர்கள் படிக்கிறார்கள். எதை வைத்து? யாரோ ஒரு வியாபாரி விற்ற மாம்பழங்களையும், பெயரில்லாத பத்து மாணவர் பெற்ற புள்ளிகளையும் வைத்து. விடை அழகாக வருவதற்கென்றே புனையப்பட்ட எண்கள் அவை. அவற்றில் விடுபட்ட நாள் இல்லை. பிழையாகக் குறித்த அளவீடு இல்லை. ஏன் இப்படி என்று கேட்க ஒரு காரணமும் இல்லை. கூட்டிப் பிரிக்கப் பழகும் மாணவன், ஐயுறப் பழகுவதில்லை.

பாடசாலை வேலிக்கு அப்பால் தோட்ட அலுவலகத்தில் மழைப் பதிவேடு இருக்கிறது. எந்த மலையில் எத்தனை கிலோ கொழுந்து என்ற கணக்கும் இருக்கிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரையும் தாண்டிப் பெய்யும் மழை, நுவரெலியா நகரில் அதன் பாதியளவுகூட இல்லை. ஏன்? புவியியலும் கணிதமும் ஒரே மேசையில் அமரக்கூடிய கேள்வி இது.

இதன் பெறுமதியை உலகம் எப்போதோ அறிந்துகொண்டது. நவீன புள்ளிவிபரவியலின் தந்தையரில் ஒருவரான ரொனால்ட் பிஷருடன் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட்டில் பணியாற்றிய ரி. ஈடன், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். ஒரே விதமாகப் பராமரிக்கப்பட்ட சிறு பாத்திகளில் கொழுந்தின் நிறை எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து 1931இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உரத்தின் பயனையும் தற்செயலையும் பிரித்தறிய வேண்டுமானால், எதுவும் செய்யாதபோதே விளைச்சல் எவ்வளவு மாறுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும் அல்லவா? அந்த எண்கள் இன்று ஆர் மென்பொருளின் அக்ரிடாட் என்னும் தரவுத் தொகுப்பில் உள்ளன. உலகின் எந்த மூலையிலுள்ள மாணவரும் அவற்றை இலவசமாக எடுத்துப் பயிலலாம். அக்காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் நம் பாட்டிமார். பேத்திகளுக்கோ மாம்பழக் கணக்கு.

அண்மைய உதாரணம் ஒன்றைப் பாருங்கள். இலங்கையின் தேயிலை உற்பத்தி 2020இல் ஏறத்தாழ 278 மில்லியன் கிலோ, 2021இல் 299, 2022இல் 251. இரசாயன உரத்துக்குத் தடை வந்தது 2021 மே மாதத்தில். அது விலக்கப்பட்டது அவ்வாண்டின் இறுதியில். முதல் இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், தடையால் விளைச்சல் கூடியது என்று வாதிடலாம். 2020இன் தொடக்கத்தில் வறட்சி நிலவியதையும், 2021இன் முற்பாதி தடையின் பாதிப்புக்கு முந்தியது என்பதையும் அறிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். 2022இன் வீழ்ச்சி முழுவதையும் உரத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல; அது எரிபொருள் தட்டுப்பாட்டின் ஆண்டுமாகும். பொய்யான முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் கற்பிக்கும்?

இது வெறும் பரீட்சை விடயமுமன்று. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பவை மண்சரிவுக்காக நம் நாட்டில் வகுக்கப்பட்ட எல்லைகள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாடு பெரும் இழப்பைக் கண்டது. மழைமானியை வாசிக்கவும், நேற்றைய அளவோடு இன்றையதைக் கூட்டிப் பார்க்கவும் தெரிந்த ஒரு பிள்ளை லயத்தில் இருப்பது, ஒலிபெருக்கி அறிவித்தலுக்குக் காத்திருப்பதைவிட மேலானது.

கணினி இல்லை என்பார்கள். ஈடனிடம் இருந்ததா? ஒற்றை ரூல் கொப்பியும் வரைபுத் தாளும் போதும். பாடத்திட்டத்தில் இல்லை என்பார்கள். இடையமும் இடையும் பாடத்திட்டத்தில்தான் உள்ளன. எண்களை மட்டுமே மாற்றச் சொல்கிறோம். கம்பனிகளின் இரகசியம் என்பார்கள். வானத்திலிருந்து விழும் மழை எந்தக் கம்பனியின் இரகசியம்?

கொழுந்துக் கணக்கில் தயக்கம் இருக்கக்கூடும் என்பது புரிகிறது. மழை மாதத்திலும் வறட்சி மாதத்திலும் ஒரு மலை எவ்வளவு தரும் என்று கணக்கிடத் தெரிந்த மகள், தாய்க்கு ஏன் அரைப்பேர் போடப்பட்டது என்றும் கேட்பாள். கேட்கட்டுமே. எண்ணைக் காட்டி உழைப்பை அளக்கும் இடத்தில், எண்ணைக் காட்டிப் பதில் கேட்கும் தலைமுறை வளர்வதில் தவறென்ன?

ஆகவே கோரிக்கை சிறியது. வலயக் கல்வி அலுவலகங்கள் தோட்ட நிர்வாகங்களிடமிருந்து கடந்த பத்தாண்டு மழைப் பதிவுகளின் பிரதிகளைக் கேட்டுப் பெறட்டும். ஒவ்வொரு பாடசாலை முற்றத்திலும் ஒரு மழைமானி நிற்கட்டும். எமது தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த மேடையில் சம்பளத்தோடு இதையும் கேட்கட்டும்.