நட்டவர் திரும்பி வரவேண்டும்



சுற்றாடல் தினம் வந்ததும் நமது கரையோரக் கிராமங்களில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். வெள்ளைச் சீருடை அணிந்த சிறுவர்கள் களப்பின் ஓரமாக வரிசையில் நிற்பர். ஆளுக்கொரு கண்டல் கன்று கையில் கொடுக்கப்படும். அதிதிகள் உரையாற்றுவர், புகைப்படங்கள் எடுக்கப்படும், கன்றுகள் சேற்றில் ஊன்றப்படும், சிற்றுண்டி முடிந்ததும் பேருந்து புறப்பட்டுவிடும். மறு ஆண்டு அக்கன்றுகள் உயிரோடு நிற்கின்றனவா என்பதை அச்சிறுவர்களுள் எவரும் அறியார். அதனைப் பார்த்துவர அவர்களை அழைத்துச் செல்வாரும் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நம் கரைகளைத் தாக்கிய கடல்கோள் இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுசென்றது. கண்டல் காடுகள் கரைக்கு அரணாகும் என்ற நம்பிக்கை அதன்பின்னர் வலுப்பெற்றது. நாடெங்கும் கண்டல் நடுகைத் திட்டங்கள் ஆரம்பமாயின. நோக்கம் நல்லது; செலவிடப்பட்ட உழைப்பும் பெரிது. ஆனால் பயன் என்ன? 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று வேதனையான விடையைத் தந்தது. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரையான பரப்பில் நடுகை முயற்சிகள் நடந்திருந்தன. அவற்றுள் வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சியிருக்கவில்லை.

காரணங்கள் மறைவானவை அல்ல. நீர் எந்த மட்டம் வரை ஏறி இறங்கும் என்று பாராமல், நடுவதற்கு இலகுவான இடத்தில் நட்டார்கள். சில கன்றுகள் இடைவிடாது நீரில் மூழ்கி அழுகின. சில வறண்ட மேட்டில் கருகின. நட்டபின் பராமரிப்பாரின்றிப் பாசி படர்ந்தது, மாடுகள் மிதித்தன. கன்றுகள் கடலின் சீற்றத்தால் அழியவில்லை. நம் மறதியால் அழிந்தன என்றே சொல்லவேண்டும்.

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில், ஏதேன் தோட்டத்தில் வைக்கப்பட்ட மனிதனுக்கு இரு பணிகள் ஒப்படைக்கப்படுகின்றன. ஒன்று அதனைப் பண்படுத்துவது. மற்றது அதனைக் காப்பது. நாமோ நம் பிள்ளைகளுக்கு முதலாவதை ஒருநாள் விழாவாகக் காட்டிவிட்டு, இரண்டாவதை மறந்துபோனோம். ஒருமுறை நட்டுவிட்டுத் திரும்பிப் பாராத பிள்ளை கற்பது இயற்கைப் பாதுகாப்பை அன்று. பாதுகாப்பு என்பது ஒரு வைபவம் என்பதையே அது கற்றுக்கொள்கிறது. இதுவே நாம் அஞ்சவேண்டிய பாடம்.

எனவே, இனி ஆயிரம் கன்றுகளை நடுவதைவிட, பத்துப் பிள்ளைகளை ஒரே கரைக்கு மாதம் ஒருமுறை, குறைந்தது ஓராண்டு காலம் அழைத்துச் செல்வதே மேலானது என்பது எமது கருத்து. இதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. பங்கின் ஞாயிறு பாடசாலையும், கிராம அபிவிருத்திச் சங்கமும், மீனவர் சங்கமும் கைகோர்த்தால் போதும். ஆசிரியராக, அந்தக் களப்பிலேயே வலைவீசி முதிர்ந்த ஒரு பெரியவர் வரட்டும்.

அவ்வாறு செல்லும் பிள்ளை எதனைக் காணும்? கண்டலின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீண்ட காய்போலத் தொங்குவதைக் காணும். கண்ணா மரத்தின் இலையை நாவில் வைத்து, அம்மரம் வெளியேற்றிய உப்பைச் சுவைத்தறியும். சேற்றிலிருந்து விரல்கள்போல் மேலெழுந்து நிற்பவை சுவாசிக்கும் வேர்கள் என்பதை உணரும். தில்லை மரத்தின் பால் கண்ணுக்கு ஊறு விளைவிக்கும் என்று பெரியவர் எச்சரிக்க, விலகி நிற்கப் பழகும். வேர்களின் இடையே இறாலும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்வதைக் கண்டபின், அக்காட்டுக்கும் தன் வீட்டுச் சோற்றுக்கும் உள்ள உறவை எவரும் அதற்கு விளக்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்று. மட்டக்களப்பு வாவி போன்ற நீர்நிலைகளில் கோடையில் சேறாய்க் கிடக்கும் கரை மாரியில் மூழ்கிவிடும். முகத்துவாரம் திறந்ததும் நீர் வடியும். ஓராண்டு முழுவதும் இதனைக் குறிப்பேட்டில் எழுதிவந்த பிள்ளைக்கு, கன்றை எங்கு நடவேண்டும், எங்கு நடலாகாது என்பது தெரிந்திருக்கும். அதன் பின்னரே, உரிய அதிகாரிகளின் அனுமதியோடு, அதன் கையில் கன்றைக் கொடுப்போம். பாசியை அகற்றுவதும், சிக்கிய பொலித்தீனை எடுப்பதும், பிழைத்தவற்றை எண்ணுவதும் அப்பிள்ளையின் கடமையாகட்டும். எண்ணிக்கை குறைந்தால் அதனையும் மறைக்காமல் எழுதட்டும்.

பெற்றோரின் தயக்கத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். புலமைப்பரிசில் பரீட்சையும் ஞாயிறு காலை ரியூசன் வகுப்பும் பிள்ளைகளின் நேரத்தை விழுங்கிவிட்டன. ஆழமும் முதலையும் உள்ள நீர்க்கரைக்குப் பிள்ளையை அனுப்புவது இலகுவான முடிவும் அன்று. இந்த அச்சம் நியாயமானதே. அதனாற்றான் கரையை நன்கறிந்த பெரியவர்கள் உடன்செல்ல வேண்டும், சிறு குழுவாகச் செல்ல வேண்டும் என்கிறோம். ஆனால் மாதத்தில் ஒரு காலைப்பொழுது பரீட்சைப் பெறுபேற்றைக் கெடுத்துவிடாது. மாறாக, தன் ஊரின் நீரையும் மரத்தையும் அறியாத பிள்ளை எத்தனை புள்ளிகள் பெற்றாலும், அந்த ஊருக்கு அது விருந்தாளியே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் படைப்பின் பராமரிப்புக் குறித்து வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலின் இறுதி அத்தியாயத்தைச் சூழலியல் கல்விக்கும் ஆன்மிகத்துக்குமே ஒதுக்கினார். 2024 இல் இலங்கையின் கண்டல் மீளமைப்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. தவறுகளிலிருந்து கற்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆயினும் விருதுகள் காடுகளைக் காப்பதில்லை. அருகில் வாழ்பவர்களே காக்கின்றனர்.

லூக்கா நற்செய்தியில் கனி தராத அத்திமரத்தின் உவமை வருகிறது. வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகச் சொல்கிறார். மரத்தின்மீது அவர் கொண்ட அன்பு, மீண்டும் அதனிடம் செல்வதற்கு அவர் காட்டிய விருப்பத்தில் வெளிப்பட்டது.

நம் பிள்ளைகளுக்கும் அந்த ஓராண்டைக் கொடுப்போம். நட்ட இடத்துக்கு அவர்களின் கைபிடித்துத் திரும்பிச் செல்ல நாம் முன்வருவோமாக.