தாயத்து இல்லை, பாஸ்புக்!

என் மச்சினனுக்குத் திருச்சியில் ரேடியோகிராஃபி வேலை. பாய்லர் குழாயில் வைத்த வெல்டிங்குக்குள் ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று இரிடியம்-192-இன் காமா கதிரால் படம் எடுத்துப் பார்ப்பது. போன வாரம் அவன் வீட்டுக்குப் போனால், சாமி படத்துக்குப் பக்கத்தில் அவனுடைய டி.எல்.டி. பேட்ஜ்!

"இதை நெஞ்சுல இல்ல மாட்டணும், மாப்ளே?"

"அளவு ஏறிட்டா சைட்டுக்கு விடமாட்டாங்க மாமா. அதான்..." என்று தலையைச் சொறிந்தான்.

இத்தனைக்கும் முறையாகப் பயிற்சி முடித்தவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் தடுப்பு வை. இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் கால்வாசிதான்.

நான் வெறும் பி.காம். சார். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஐந்து வருடச் சராசரி, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக்கூடாது. இது அவர்களுக்கு விதி. பேட்ஜ் என்ன தாயத்தா, கதிரைத் தடுக்க? பாஸ்புக். உடம்பில் ஏறியதை எழுதி வைக்கும், அவ்வளவுதான். எழுதாமல் விட்டால் ஏறியது இறங்கிவிடுமா?

"2010-ல டெல்லி மாயாபுரியில, காயலான் கடையில கோபால்ட்-60 இருக்கறது தெரியாம ஒரு பழைய மெஷினைப் பிரிச்சாங்க. ஒருத்தர் செத்தே போனார். அவங்களுக்கு யாரும் சொல்லித் தரலை. உனக்குத்தான் சொல்லித் தந்தாங்களே மாப்ளே!"

பதிலே இல்லை.

மறுநாள் காலை, சாமி படத்துக்குப் பக்கத்தில் விபூதித் தட்டு மட்டும் இருந்தது.

பேட்ஜ்? வேலைக்குக் கிளம்பியவன் சட்டையில்.