பைல் தனக்குத் தானே சாட்சி சொல்லலாமா?

இணையத்திலிருந்து பெரிய புரோகிராம் ஒன்றை டவுன்லோட் செய்திடுகையில், அதன் அருகே எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் செக்சம். பைலில் உள்ள அனைத்தையும் கணக்கிட்டுப் பெறும் அடையாளம். பைலில் ஓர் எழுத்து மாறினாலும் இதுவும் மாறிவிடும்.

"இதை பைலுக்குள்ளேயே எழுதி வைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். பொட்டலத்தை எடை போட்டு, எடையைச் சீட்டில் எழுதி ஒட்டினால், சீட்டின் எடையும் சேர்ந்துவிடும் அல்லவா? அதே சிக்கல்தான். எழுதியவுடன் பைல் மாறுகிறது, செக்சமும் மாறுகிறது.

ஸிப் பைல் இதனை எளிதாகச் சமாளிக்கிறது. தன்னுள் இருக்கும் ஒவ்வொரு பைலுக்கும் சிஆர்சி-32 என்ற எண்ணைக் கணக்கிட்டு, தனியே குறித்து வைக்கிறது. பென் டிரைவில் காப்பி செய்கையில் ஏதேனும் கெட்டிருந்தால், திறக்கும்போது பிழைச் செய்தி வரும். அந்த அளவிற்கு இது பயனுள்ளதுதான். ஆனால் வேண்டுமென்றே பைலை மாற்றுபவன், உள்ளே இருக்கும் எண்ணையும் மாற்றிவிடுவானே!

2017ல் ஒருவர், தன் எம்டி5 செக்சத்தைத் தானே படமாகக் காட்டும் ஜிஃப் பைல் ஒன்றை உருவாக்கினார். எம்டி5 முறையில், இரு வேறு தகவல்களுக்கு ஒரே செக்சம் வரும்படி செய்யலாம் என்று சீன ஆய்வாளர் வாங் சியாயுன் குழுவினர் 2004ல் காட்டியிருந்தனர். அதன்படி, எந்த எண்ணின் படத்தைக் காட்டினாலும் செக்சம் மாறாதபடி பைலை அமைத்து, கடைசியில் சரியான எண்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ரசிக்க வேண்டிய வித்தைதான். எனக்கோ, எம்டி5-ஐ இனி நம்பாதே என்ற எச்சரிக்கையாகவே அது தெரிகிறது. எஸ்எச்ஏ-256 முறையில் இப்படி யாரும் இதுவரை செய்து காட்டியதில்லை.

இது வெறும் பயம் அல்ல. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணைய தளத்தில் புகுந்தவர்கள், டவுன்லோட் லிங்க்கைத் திருட்டு வழி வைத்த ஐஎஸ்ஓ பைலுக்குத் திருப்பிவிட்டனர். செக்சத்தைச் சோதித்துப் பார்க்கும்படிதான் அந்நிறுவனமும் பின்னர் பயனாளர்களைக் கேட்டுக்கொண்டது.

நீங்களும் சோதிக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் 7-ஸிப் இன்ஸ்டால் செய்து, பைல் மீது ரைட் கிளிக் செய்திடுங்கள். சிஆர்சி எஸ்எச்ஏ என்ற பிரிவில் எஸ்எச்ஏ-256 தேர்ந்தெடுங்கள். (விண்டோஸ் 11 எனில் முதலில் ஷோ மோர் ஆப்ஷன்ஸ்.) கிடைக்கும் வரியைத் தயாரித்தவரின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், பைலுடன் வந்த ரீட்மீ பைலில் உள்ளதோடு அல்ல. பொருந்தவில்லையா? "திறந்துதான் பார்ப்போமே" என்று டபுள் கிளிக் செய்யாமல், அழித்துவிட்டு மீண்டும் டவுன்லோட் செய்திடுங்கள்.