கலப்பவர் யார்? பிரிப்பவர் யார்?

மேடையிலே உழைப்பின் உயர்வைப் பேசுகிறோம். கைதட்டுகிறோம். நள்ளிரவில் வீடு திரும்புகிறோம். விடிந்ததும் தெருவில் குப்பை வண்டியின் ஊதல் கேட்கிறது. முந்தின நாள் மிஞ்சிய குழம்பு, உடைந்த தம்ளரின் கண்ணாடிச் சில்லு, முகம் மழித்த பிளேடு, குழந்தையின் டயாப்பர், பால் பாக்கெட், வாழைப்பழத் தோல் அத்தனையும் ஒரே வாளியில்! வாசலில் ஓர் அம்மா நிற்கிறார். வாளியை நீட்டிவிட்டு நாம் பல் துலக்கப் போகிறோம்.

அந்த வாளியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். தலையங்கத்திற்கு இதுவா பொருள் என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். கையுறையைக் கிழித்து அந்த அம்மாவின் விரலை அறுக்கிற பிளேடு, சிரிப்புக்குரிய பொருளன்று. நம் வீட்டில் ஒரு நொடியில் கலந்ததை, தெருமுனையில் குனிந்து நின்று மணிக்கணக்கில் பிரிப்பவர் அவர். உழைப்பைச் சுரண்டுவது ஆலை முதலாளி மட்டுந்தானா? தோழர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

2025 ஆகஸ்டில், துப்புரவுப் பணியைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் நாட்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் என்று பேசியவர் பலர். பேசிய வீடுகளில் எத்தனை வீட்டில் மறுநாள் குப்பை பிரிக்கப்பட்டது?

சென்னை மாநகரம் ஒரு நாளில் 5,000 டன்னுக்கு மேல் குப்பையைத் தள்ளுகிறது. பல்லாண்டுகளாக அது வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போய் மலையாகக் குவிந்தது. செல்வர் மாளிகைகளின் பக்கத்திலா குவிந்தது? கொடுங்கையூரைச் சுற்றி வாழ்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற உழைப்பாளிகள். பெருங்குடிக் குவியலோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே விழுங்கிக்கொண்டு வளர்ந்தது. உலகம் காக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம் பெற்ற நிலம் அது. அதே ஆண்டு ஏப்ரலில் பெருங்குடிக் குவியல் பற்றி எரிந்தது. நாட்கணக்கில் புகை. சுற்றுப்புறத்துக் குழந்தைகள் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள்.

சோறும் காய்கறித் தோலும் மண்ணோடு கிடந்தால் எருவாகும். பிளாஸ்டிக்கோடு சேர்த்து அமுக்கி, காற்றுப் புகாமல் புதைத்தால் அழுகி மீத்தேன் வாயுவாகும். அது தீப்பிடிக்கும் வாயு. பூமியைச் சூடாக்குவதிலும் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வீரியம் கொண்டது. நம் வீட்டில் வீசப்படுவதில் ஏறத்தாழப் பாதி இப்படி மக்கக்கூடியதுதான். பழைய நாளில் கழுநீர்ப் பானையில் விழுந்து பால்காரர் வீட்டு மாட்டுக்குப் போனது, இன்று பையில் முடிச்சிட்டுப் போகிறது. மாடு பையோடு தின்று வயிறு உப்பிச் சாகிறது.

குவிந்ததைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க இப்போது ஆகும் செலவு என்ன தெரியுமா? பெருங்குடித் திட்டத்திற்கு 350 கோடி ரூபாய். கொடுங்கையூருக்கு 640 கோடி. சமையலறையில் இன்னொரு வாளி வைத்திருந்தால் இதில் பெரும் பகுதி மிஞ்சியிருக்கும். பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம், பணியாளர் ஊதியத்தை உயர்த்தியிருக்கலாம்.

சட்டம் இல்லாமலா? அல்மித்ரா படேல் என்ற பெண்மணி 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் வழியே 2000-இல் விதிகள் வந்தன. 2016-இல் வந்த விதிகள், வீட்டிலேயே மக்குவது, மக்காதது, கேடு தருவது என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லின. கால் நூற்றாண்டு ஆயிற்று. சட்டம் ஏட்டில் இருக்கிறது. குப்பை ஒரே வாளியில் இருக்கிறது.

"நான் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பல இடங்களில் அது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் அது மாமன்ற உறுப்பினரின் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டிய கேள்வி. பிரித்துக் கொடுத்தவனுக்கே அதைக் கேட்கும் உரிமை உண்டு.

"பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கிறேன், உரக்குழிக்கு எங்கே போவேன்?" நியாயமான கேள்வி. உரக்குழி வேண்டாம், இரண்டு வாளி போதும். பிளேடு, கண்ணாடி, டயாப்பர், மாதவிடாய்த் துணி இவற்றைத் தனியே செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு பொட்டு வையுங்கள். படித்து முடித்தபின் இந்த ஏட்டையே சுற்றக் கிழித்தாலும் எமக்கு வருத்தமில்லை. கொல்லையோ மொட்டை மாடியோ உள்ளவர்கள், பழைய வாளியில் ஓட்டை போட்டு, காய்கறித் தோல் ஒரு படி, காய்ந்த சருகு ஒரு படி என்று போட்டு அவ்வப்போது கிளறிவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த எரு கிடைக்கும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டதென்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வேலையையும் மனைவியின் தலையில் கட்டிவிட்டு, "எங்கள் வீட்டில் பிரிக்கிறோம்" என்று கிளைக் கூட்டத்தில் மார்தட்டாதீர்கள். வாளியை ஆண்மகன் எடுக்கட்டும்.

கடைக்குப் போகும்போது மஞ்சப்பையும் தூக்குச் சட்டியும் கையில் இருக்கட்டும். காயலான் கடைக்காரர் எதை வாங்க மறுக்கிறாரோ, அதை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். பளபளக்கும் ஷாம்பு உறையை அவர் தொடமாட்டார். அன்றாடக் கூலிக்காரன் பெரிய புட்டி வாங்க முடியாமல்தான் அந்த உறையை வாங்குகிறான் என்பதும் நமக்குத் தெரியும். கோடி கோடியாக உறை விற்று லாபம் எடுக்கும் கம்பெனிகளே அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பது விதி. அந்த விதியை நிறைவேற்றச் சொல்லிப் போராட வேண்டியது சங்கங்களின் கடமை.

நம் கூட்டங்களையும் சற்றுப் பார்ப்போமே! 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருள்களில் தண்ணீர் பாக்கெட் உண்டு. பிளாஸ்டிக் கொடியும் உண்டு. கூட்டம் கலைந்தபின் திடலை ஒரு முறை சுற்றி வந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அதை விடியுமுன் பொறுக்குபவரும் அதே அம்மாதான்.

நாளை காலை ஊதல் கேட்கும்போது தோழர்கள் இறங்கிப் போய் வண்டியைப் பாருங்கள். மக்குவதற்கும் மக்காததற்கும் தனித்தனித் தொட்டி இருக்கிறதா? பணியாளருக்குக் கிழியாத கையுறை தந்திருக்கிறார்களா? இல்லையென்றால் வட்டத்தின் எண்ணையும் தெருவின் பெயரையும் எழுதி எமக்கு அனுப்புங்கள், வெளியிடுவோம். உங்கள் வீட்டில் எத்தனை வாளி இருக்கிறது என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.