படகு போனா கால்வாயும் சாகணுமா?

நேத்து ஆபீஸ்ல (நம்ம சரவணம்பட்டிதாங்க) டீ குடிக்கும்போது, சென்னைக்கார நண்பர் ஒருத்தர் பக்கிங்ஹாம் கால்வாய் பத்தி ஒரு தத்துவம் உதிர்த்தார். "ரயில் வந்துச்சு, லாரி வந்துச்சு, படகு போச்சு. டெக்னாலஜி மாறினா பழசு சாகத்தான் செய்யும் பாஸ்."

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு இடிக்குதே!

1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்ட ஆரம்பித்த கால்வாய் அது. பிறகு வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சம், தெற்கே மரக்காணம் என்று சுமார் 420 கி.மீ. நீண்டது. கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் துண்டை 1877-78 பஞ்சத்தில், பட்டினியோடு கூலிக்கு வந்த ஜனங்கள்தான் வெட்டினார்கள். உப்பு, விறகு, நெல் எல்லாம் படகில் வந்தது. சென்னை - விஜயவாடா ரயில் 1899-லேயே வந்தாச்சு. அதுக்கப்புறமும் அரை நூற்றாண்டுக்கு மேல படகு ஓடியிருக்கு. அப்போ கொன்னது யாரு?

1965, 1966 புயல்களில் கால்வாய் சேதமானது. ஒழுங்கா தூர்வாராம, சாக்கடையைத் திருப்பி விட்டது நாம. அப்புறம் பறக்கும் ரயிலுக்குத் தூணைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினோம். ஆக, ரயில் கொன்னது நிஜம்தான். ஆனா 1899 ரயில் இல்லீங்க! 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷமே இதே கால்வாயை தேசிய நீர்வழி 4-ல் சேர்த்து அறிவிப்பு. தூணுக்கு நடுவுல எந்தப் படகுங்க போகும்?

படகு விடறது கால்வாயோட ஒரு வேலை, அவ்வளவுதான். மழைத்தண்ணியை வடிக்கிறது இன்னொரு வேலை. 2015 டிசம்பரில் சென்னை முழுகினப்பதான் அது நமக்கு ஞாபகம் வந்தது. ஒரு பழைய சர்வரை நிறுத்தறதுக்கு முன்னாடி, அதை நம்பி வேற என்னென்ன ஓடுதுன்னு நாம பாக்க மாட்டோமா?

சென்னையைத் திட்டிட்டு நாம தப்பிச்சுக்க முடியாது. நொய்யல் தண்ணியில நிறைஞ்ச நம்ம கோயமுத்தூர்க் குளங்களை என்ன பண்ணினோம்? வயல் எல்லாம் சைட் ஆச்சு. உடனே "பாசனமே இல்ல, குளம் எதுக்கு?"ன்னு சாக்கடையை விட்டோம், வாலாங்குளத்துக்குள்ள ரோடு போட்டோம். இப்போ மழை பேஞ்சா பாலத்துக்கு அடியில பஸ் நிக்குது.

ஒரு வேலை போச்சுன்னா ஆளே வேண்டாம்னு முடிவு பண்ணினா, ஐ.டி.ல இருக்கிற நம்ம கதி என்ன ஆகும்? கொஞ்சம் யோசிங்க :-)

டிஸ்கி: டீக்குக் காசு குடுத்தது அந்த நண்பர்தான். அதுக்காகக் கருத்தை மாத்திக்க முடியாதுங்க!