அத்தை வீட்டு பிஸ்கட் டின்

கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. உள்ளே பிஸ்கட் இருக்காது. காய்ச்சல் மாத்திரை, தைலம், பிளாஸ்டர், அதோடு யாரோ பாதியில் நிறுத்திய அமோக்சிசிலின் கேப்சூல்கள். போன வாரம் எனக்குத் தொண்டை வலி. "தம்பி, இதுல ரெண்டு போட்டுக்கோ, காலையில சரியாயிடும்" என்று நீட்டினார். நான் வாங்கவில்லை. அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். அவருக்குச் சொன்ன விளக்கத்தை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

அடுப்படியிலிருந்தே தொடங்குவோம். ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் பப்பாளிக்காயை அரைத்துப் பூசி ஊற வைக்கிறோம். கறி பூப்போல வேகிறது. காரணம், பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதி. இறைச்சியின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரிக்கோல் அது. ஒவ்வொரு நொதிக்கும் தன் வேலை மட்டுமே தெரியும். வேலை முடிந்த பின்னும் அது தேய்ந்துபோகாமல் அடுத்த வேலைக்குத் தயாராக இருக்கும்.

அந்தக் கேப்சூலும் இப்படி ஒரு கத்தரிக்கோலால் பிறந்ததுதான். 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். இன்றும் பெரிய தொட்டிகளில் பூஞ்சையை வளர்த்துத்தான் பெனிசிலினை எடுக்கிறார்கள். அதன் மூலக்கூறை ஒரு வளையமும் அதில் தொங்கும் வாலுமாக நினைத்துக்கொள்ளுங்கள். கிருமியைக் கொல்லும் சக்தி வளையத்தில் இருக்கிறது. வாலை மாற்றினால் புதுப்புது மருந்துகள் கிடைக்கும். அமோக்சிசிலின் அப்படிக் கிடைத்த ஒன்று.

ஆனால் வளையம் மிக மென்மையானது. அதை உடைக்காமல் வாலை மட்டும் எப்படி வெட்டுவது? முன்பு கடுமையான ரசாயனங்களை ஊற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிரூட்டி வெட்டினார்கள். மின்சாரச் செலவும் கழிவும் அதிகம். இப்போது அந்த வேலையைப் பெனிசிலின் அசைலேஸ் என்ற நொதி செய்கிறது. நம் குடலிலும் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகளிலிருந்து கிடைத்த நொதி இது. வெறும் தண்ணீரில், ஏறக்குறைய நம் ஊர் வெயிலின் சூட்டிலேயே வேலையை முடித்துவிடும். நொதியைச் சிறு மணிகளில் ஒட்டி வைத்து அவற்றின் வழியே கரைசலை ஓட்டுகிறார்கள். அதனால் ஒரே நொதியைப் பல நூறு முறை பயன்படுத்தலாம்.

நொதியை இப்படி ஒட்டி வைக்கும் உத்தி தொழிற்சாலைக்குள் நுழைந்தது 1969-ல், ஜப்பானில். தனாபே நிறுவனத்தில் இச்சிரோ சிபாதா குழுவினர் அமினோ அமிலங்களைப் பிரிக்க அதைக் கையாண்டார்கள். அமினோ அமிலங்களில் செருப்பைப்போல இடது, வலது என்று இரண்டு வடிவங்கள் உண்டு. நம் உடல் புரதம் கட்டுவதற்கு இடதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வழக்கமான ரசாயன முறையில் செய்தால் இரண்டும் கலந்தே வரும். நொதியோ கண்ணை மூடிக்கொண்டு சரியான காலைப் பொறுக்கும்.

இதற்கு நம் ஊரிலும் உதாரணம் உண்டு. கூச்சாய் லாமா பக்கம் பல காலம் வசித்தவர்களுக்கு அஜினோமோட்டோ தொழிற்சாலை தெரிந்திருக்கும். அந்தச் சுவை உப்பு, குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் இடது வடிவம். வலது வடிவத்தில் அந்தச் சுவையே இல்லை! மரவள்ளி மாவில் தொடங்கினால், முதலில் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும்; பிறகு பாக்டீரியா அந்தச் சர்க்கரையைக் குளூட்டாமிக் அமிலமாக்கும். திரெங்கானுவின் கெர்த்தேயில் தென்கொரியாவின் சிஜே நிறுவனமும் பிரான்ஸின் ஆர்கெமாவும் சேர்ந்து அமைத்த ஆலை 2015-ல் திறக்கப்பட்டது. அங்கே நுண்ணுயிரும் நொதியும் கைகோத்து மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை உருவாக்குகின்றன. அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் "இதற்கு இங்கே வேலை இருக்கிறதா?" என்று கேட்டால் இந்த ஆலையையும் சொல்லுங்கள்.

இனி பிஸ்கட் டின்னுக்கு வருவோம். மருந்தாலை ஒரு கத்தரிக்கோலை வைத்திருப்பதுபோல் கிருமியிடமும் ஒன்று இருக்கிறது. பீட்டா லாக்டமேஸ் என்று பெயர். இது வாலைத் தொடாது. நேராக வளையத்தையே வெட்டிவிடும். மருந்து அங்கேயே செத்துப்போகும். பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு வருமுன்பே, 1940-ல் ஆபிரகாமும் செயினும் இதைக் கண்டறிந்து எழுதிவிட்டார்கள்.

தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு அமோக்சிசிலின் ஒன்றும் செய்யாது. ஆனால் நான் இரண்டு கேப்சூல் விழுங்கினால், என் உடம்பில் சும்மா இருக்கும் சாதுவான பாக்டீரியாக்கள் சாகும். கத்தரிக்கோல் வைத்திருப்பவை பிழைத்துப் பெருகும். நாளை நிமோனியா என்று நானோ, என் வழியாகத் தொற்றி அத்தையின் பேரனோ மருத்துவமனையில் படுத்தால், அதே மருந்து கைவிட்டுவிடலாம்.

மலேசியாவில் ஆன்டிபயாடிக் மருந்துகள் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன; மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் மருந்தகத்தில் கேட்டு இல்லை என்றால் கோபப்படாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பயன்படுத்தாத மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு கேப்சூலுக்கு இவ்வளவு பெரிய கதையா?" என்றார். பிறகு எழுந்து போய் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார், கொப்பளிக்க. நான் கிளம்பும்போது அந்தக் கேப்சூல்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் என் கைக்கு வந்தன. "நீயே மருந்தகத்துல கொடுத்துடு."